கை போன பிறகும் விரல் வலிக்கிறது: மூளையில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஆலைக்கொட்டாய் (கவுந்தப்பாடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. போன தை மாதம் கரும்பு ஆட்டும்போது என் தங்கச்சி வீட்டுக்காரருடைய வலது கை ஆலை உருளைக்குள் போய்விட்டது. முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது, சாப்பாடு, நடமாட்டம் எல்லாம் சரி. பிரச்சினை என்னவென்றால் இல்லாத கை வலிக்கிறது. கை இறுக்கி முஷ்டி பிடித்தபடி இருக்கிறதாம், நகம் உள்ளங்கையில் குத்துகிறதாம், எவ்வளவு முயன்றாலும் விரிக்க முடியவில்லையாம். ராத்திரி ஊர் அடங்கிய பிறகுதான் அதிகம். மனுசன் எழுந்து கட்டில் சட்டத்தில் மொட்டைக் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

காட்டிய ஒரு டாக்டர், "எல்லாம் மனசுதான், தைரியமா இருங்க" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. மூளையில் கைக்கான இடம் வேலையில்லாமல் கிடப்பதால் பக்கத்தில் உள்ள முகத்துக்கான பகுதி அதைப் பிடித்துக்கொள்கிறது, அந்தக் குழப்பம்தான் வலி என்கிறார்கள். தரிசாகக் கிடந்த காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டி உழுதுகொண்ட கதை என்று நான் புரிந்துகொண்டேன். திருப்பூரில் ஒருவர் "மூளையை ரீவயர் செய்யும் பயிற்சி" என்று நாற்பதாயிரம் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கொடுக்கலாமா?

சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

கொடுக்காதீங்கண்ணா. நான் டாக்டர் இல்லை, பெங்களூரில் நரம்பறிவியலில் ஆராய்ச்சி மாணவன். சிகிச்சையைப் பற்றிப் பேச இங்கே வேறு ஆட்கள் வருவார்கள். அந்தக் காணொளிக் கதை எங்கிருந்து வந்தது, இப்போது அதன் நிலை என்ன என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், வலி பொய்யில்லை. உறுப்பை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த வெயர் மிட்சல் என்ற டாக்டர் 1871-லேயே இதற்கு ஃபேன்டம் என்று பெயர் வைத்துவிட்டார். அதை மனப்பிரமை என்று சொல்லி அனுப்புவதெல்லாம் அநியாயம்.

காட்டை உழுத கதை வெறும் வதந்தியும் இல்லை. பெரிய ஆட்கள் செய்த வேலை. 1984-இல் மெர்செனிக் குழு குரங்கின் ஒரு விரலை எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் கழித்து மூளையைப் பார்த்தபோது அந்த விரலுக்கான இடம் பக்கத்து விரல்களைத் தொட்டால் பதில் சொன்னது. 1991-இல் பான்ஸ் குழு, கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகள் 12 வருடம் முன்பே வெட்டப்பட்ட குரங்குகளில் பார்த்தது. முகத்தைத் தொட்டால் கைப்பகுதி எழுந்தது, அதுவும் 10 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே வரைக்கும். அடுத்த வருடம் நம்ம ராமச்சந்திரன் (சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர்) கை இழந்தவர்களின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். சிலர் இல்லாத விரலைத் தொடுவது போல இருக்கிறது என்றார்கள். 1995-இல் ஹெர்டா ஃப்ளோர் குழு கை இழந்த 13 பேரை ஆராய்ந்து, உதட்டுக்கான பகுதி எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு வலி என்று நேச்சர் இதழில் எழுதியது. அன்றிலிருந்து எல்லாப் பாடப்புத்தகத்திலும் இதுதான்.

இப்போது கதை ஆடிப்போயிருக்கிறது. 2013-இல் டமார் மேகின் குழு கை இழந்தவர்களை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, "உங்கள் இல்லாத கையை அசையுங்கள்" என்றது. இரண்டு கையும் உள்ளவர்களுக்கு எப்படியோ அப்படியே கைப்பகுதி எழுந்தது. வலி அதிகம் உள்ளவர்களுக்கு அந்த எழுச்சியும் அதிகம். அதாவது காடு தரிசாகவே இல்லை.

2025-இல் ஹன்டர் ஷோன், மேகின், கிறிஸ் பேக்கர் குழு வெளியிட்டதுதான் முக்கியமானது. கையை எடுக்க வேண்டும் என்று முன்பே முடிவான 3 பேரை அறுவைக்கு முன்பே ஸ்கேன் செய்துவிட்டார்கள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார்கள், உதட்டைக் குவிக்கச் சொன்னார்கள். அறுவைக்குப் பிறகு அதே ஆட்களிடம் இல்லாத விரல்களை மடக்கச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், ஒருவரை 5 வருடம் வரைக்கும். மூளையில் எந்த இடம் எந்த உறுப்புக்கு என்கிற வரைபடம் அப்படியே இருந்தது. அறுவைக்கு முன் எடுத்த தரவைக் கொண்டு பழக்கிய கணினி நிரல், பின்னால் அவர் எந்த விரலை அசைக்க முயல்கிறார் என்று சொல்லிவிட்டது. உதடு வரப்பைத் தாண்டவே இல்லை.

பழைய ஆய்வுகள் எங்கே சறுக்கின? பெரும்பாலும் ஒவ்வொரு இடத்திலும் எந்த உறுப்புக்கு அதிகப் பதில் என்று பார்த்தார்கள். கையைக் கேட்காமல் உதட்டை மட்டும் கேட்டால் உதடுதான் ஜெயிக்கும். சொந்தக்காரரைக் கூப்பிடாமல் பட்டா பார்த்த மாதிரி.

கணக்குப்பிள்ளை (கரூர்) எழுதியது:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 3 பேர்? நாற்பது வருட ஆராய்ச்சியை 3 பேரை வைத்துக் கவிழ்த்துவிட முடியுமா? எங்கள் ஜவுளி ஆர்டரில் 3 பீஸ் சாம்பிளைப் பார்த்து லாட்டையே பாஸ் பண்ணினால் பையர் சும்மா விடுவானா?

சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

நியாயமான கேள்விங்க. இதற்கு இரண்டு பதில். ஒன்று, முன்பு கை இழந்தவர்களை வேறு யாரோ இரண்டு கை உள்ளவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆளுக்கு ஆள் மூளை வேறுபடும், அந்த வேறுபாட்டுக்குள்ளேயே பாதி விஷயம் தொலைந்துபோகும். இங்கே அதே ஆளின் முன்பும் பின்பும் இருக்கிறது. பரவலாக எத்தனை பேருக்கு என்று சொல்ல 3 போதாது. ஆனால் "எப்போதும் இப்படித்தான் நடக்கும்" என்கிற கூற்றை உடைக்க 3 போதும்.

இரண்டாவது, குரங்கு முடிவுகள் பொய்யாகிவிட்டன என்று நான் சொல்லவில்லை. கன்னத்தைத் தொட்டால் கைப்பகுதியில் பதில் வருவது உண்மை. அது எங்கே நடக்கிறது என்பதுதான் சண்டை. இதில் நம் நாட்டு வேலை ஒன்று உண்டு. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயின் குழு, தண்டுவடம் காயப்பட்ட குரங்குகளை வைத்து 2014-இல் காட்டியது: மூளைத்தண்டில் கியூனியேட் கரு என்று ஒன்று இருக்கிறது, கையிலிருந்து வரும் உணர்வு மேலே போகும் வழியில் உள்ள நிலையம். அந்தக் கருவை மருந்து போட்டுத் தற்காலிகமாக அணைத்ததும், மேலே கைப்பகுதியில் வந்துகொண்டிருந்த கன்னத்துப் பதில் நின்றுவிட்டது. அப்படியென்றால் மாற்றம் கீழே நடந்திருக்கிறது, மேலே தெரிவது அதன் எதிரொலி. 2023-இல் மேகினும் கிராகாவரும் சேர்ந்து பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், இப்படிப்பட்ட மறுசீரமைப்பு என்பதே மிகைப்படுத்தப்பட்டது என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, துறைக்குள் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. என் ஆய்வகத்திலேயே என் வழிகாட்டிக்கும் எனக்கும் இதில் ஒத்துப்போகவில்லை, அது வேறு கதை.

ஈரோட்டு அக்கா எழுதியது:

நான் கை சிகிச்சையில் வேலை பார்க்கும் பிசியோ. விசைத்தறி, பவர் பிரஸ், தென்னை மட்டை மில், கரும்பாலை என்று கை போய் வருகிறவர்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். தம்பி சொல்கிற வரைபடம் எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. வலி குறைகிறதா, ஆள் தூங்குகிறாரா, இதுதான் என் கணக்கு.

ஆலைக்கொட்டாய், உங்கள் மாப்பிள்ளை சொல்வது அச்சு அசலாக நாங்கள் கேட்பதுதான். முஷ்டி, நகம், விரிக்க முடியாமை. இதற்குக் கண்ணாடி முறை உண்டு, ராமச்சந்திரன் கண்டுபிடித்ததுதான். நாற்பதாயிரம் வேண்டாம், கண்ணாடிக்கடையில் ஒரு கண்ணாடி போதும்.

மேஜை முன் உட்காரவைத்து, நடு நெஞ்சுக்கு நேராக, விளிம்பு நெஞ்சைப் பார்க்கிற மாதிரி கண்ணாடியை நிறுத்துங்கள். முகம் பார்க்கும் பக்கம் இடது கையை நோக்கி இருக்கட்டும். மொட்டைக் கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். இப்போது இடது கையின் பிம்பம், வலது கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். எடுத்தவுடன் கையை விரிக்கச் சொல்லக் கூடாது. இல்லாத கை எப்படி இருக்கிறதோ அப்படி முதலில் இடது கையை வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு முஷ்டி என்றால் முஷ்டி. கட்டைவிரல் உள்ளேயா வெளியேயா என்று கேட்டு அதையும் சரிசெய்யுங்கள். பிம்பமும் அவர் உணர்வதும் ஒன்றாகிவிட்டது என்று அவரே சொன்ன பிறகு, இரண்டு கையையும் ஒன்றாக விரிப்பதாக நினைத்து மெதுவாக விரிக்கட்டும். ஒரு நேரம் கால் மணி, தினமும்.

சிலருக்கு முதல் நாளே "விட்டுடுச்சுக்கா" என்று கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். சிலருக்கு வலி கூடும். கூடினால் நிறுத்திவிட்டு ஒரு படி கீழே வாருங்கள்: வலது, இடது கைப் படங்களைக் கலந்து காட்டி இது எந்தக் கை என்று சொல்ல வைப்பது, அப்புறம் கையை அசைப்பதாக மனதில் நினைப்பது, அப்புறம்தான் கண்ணாடி. லோரிமர் மோஸ்லி என்கிற ஆஸ்திரேலியர் வகுத்த வரிசை அது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதற்கு ஆதாரம் உண்டா அக்கா, இல்லை அனுபவம்தானா?

ஈரோட்டு அக்கா எழுதியது:

உண்டு, ஆனால் உங்கள் பையர் திருப்திப்படும் அளவுக்கு இல்லை. 2007-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். கண்ணாடி, துணி போட்டு மூடிய கண்ணாடி, வெறும் கற்பனை. தினமும் 15 நிமிடம், 4 வாரம். முடித்தவர்கள் 18 பேர், பிரிவுக்கு 6. கண்ணாடிப் பிரிவில் 6 பேருக்கும் வலி குறைந்தது, மூடிய கண்ணாடியில் 1, கற்பனையில் 2. அப்புறம் வந்த ஆய்வுகளில் முடிவு கலந்துதான் இருக்கிறது. என் அனுபவத்திலும் எல்லோருக்கும் கேட்பதில்லை. முறுக்கிப் பிடிக்கிற வலிக்குக் கேட்கிற அளவுக்கு, எரிச்சல், ஷாக் அடிக்கிற வலிக்குக் கேட்பதில்லை.

சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

அக்கா, இங்கே ஒரு வார்த்தை. கண்ணாடி வேலை செய்தால் அது மூளையை "ரீவயர்" செய்ததால்தான் என்று ஆகிவிடாது. 2025 முடிவு சரியென்றால், திருப்பி வாங்க வேண்டிய இடமே அங்கே இல்லை. கண்ணில் பார்ப்பதும் தசைக்குக் கட்டளை போவதும் பொருந்திப்போவதால் தளர்வு வரலாம், கவனம் மாறுவதால் வரலாம். திருப்பூர்க்காரர் விற்பது அந்த ரீவயர் என்ற பேச்சைத்தான். சில வருடம் முன்பு இதே மாதிரி ஆட்கள் மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன் என்று சொல்லிக் குழந்தைகளின் கண்ணைக் கட்டி மூக்குச் சந்தில் பார்த்துப் படிக்க வைத்தார்கள். அப்போது நியூரான், இப்போது நியூரோபிளாஸ்டிசிட்டி, போர்டு மட்டும்தான் மாறுகிறது.

அவசரத் தையல் எழுதியது:

கோவையில் பிளாஸ்டிக் சர்ஜரி பார்க்கிறவன். இவ்வளவு நேரம் எல்லோரும் தலைக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். அறுந்த நரம்பை யாரும் பார்க்கவில்லை.

வெட்டுப்பட்ட நரம்பு சும்மா கிடக்காது. நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து தன் தசையைத் தேடும். போய்ச் சேர இடமில்லை என்றால் நுனியில் சுருண்டு முடிச்சுப் போடும், நியூரோமா என்போம். அது தானாகவே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். மேலே வரைபடம் பத்திரமாக இருக்கிறது என்று தம்பி சொல்கிறாரே, அப்படியென்றால் அந்த சமிக்ஞை போய்ச் சேரும் இடம் இன்னும் "சுண்டுவிரல்" என்றுதான் படிக்கும். எனக்கு 2025 கட்டுரை பிடித்ததே இதனால்தான், எங்கள் பக்கத்து வாதத்துக்கு அது பலம்.

2014-இல் அல்பேனியாவைச் சேர்ந்த வாசோவும் ஜெருசலேமின் மார்ஷல் டெவோரும் சேர்ந்து செய்ததைப் பாருங்கள். உறுப்பு இழந்தவர்களுக்கு முதுகுத்தண்டை ஒட்டி, நரம்பு வேர்ப் பக்கம் மரத்துப்போகும் மருந்து போட்டார்கள். ஃபேன்டம் வலி மட்டுமல்ல, உறுப்பு இருக்கிறது என்ற உணர்வே கொஞ்ச நேரம் காணாமல் போனது. மூளைதான் தானாக உற்பத்தி செய்கிறது என்றால் முதுகில் போட்ட மருந்துக்கு எப்படிக் கேட்கும்?

அதனால் இப்போது நரம்பு நுனிக்கு வேலை கொடுக்கிறோம். டிஎம்ஆர் என்று ஒரு முறை: அறுந்த நரம்பின் நுனியை, பக்கத்தில் உள்ள தசைக்குப் போகும் சிறு நரம்புக் கிளையோடு சேர்த்துத் தைப்பது. சிகாகோவில் குய்க்கனும் டுமேனியனும் 2000-களின் தொடக்கத்தில் செயற்கைக் கையை இயக்குவதற்காகக் கொண்டுவந்தார்கள். செய்துகொண்டவர்களுக்கு வலியும் குறைவாக இருப்பது பிறகு தெரியவந்தது. 2019-இல் 28 பேரை வைத்து, நரம்பைத் தசைக்குள் புதைக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டார்கள். டிஎம்ஆர் பக்கம்தான் வலி அதிகம் குறைந்தது. ஆர்பிஎன்ஐ என்று இன்னொன்று, சிறு தசைத் துண்டை எடுத்து நரம்பு நுனியைச் சுற்றிப் போர்த்துவது. கையை எடுக்கும் அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். நம் பக்கம் அது இன்னும் வழக்கமாகவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நசுங்கிய கையோடு ஆள் வரும்போது உயிரையும் முழங்கையையும் காப்பாற்றத்தான் பார்க்கிறோம், நரம்பு நுனி நினைவுக்கு வருவதில்லை.

ஆலைக்கொட்டாய், ஒரு வேலை செய்யுங்கள். மொட்டைக் கையின் நுனியைச் சுற்றி விரல் நுனியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் ஷாக் அடித்தால் எந்த விரலுக்குப் பாய்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

டாக்டர், தலைப்புக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். இங்கே மில் வைத்திருப்பவர்கள் பலர் படிப்பார்கள். விரல் துண்டானால் அந்தத் துண்டை எப்படிக் கொண்டுவருவது? ஐஸ் பெட்டியில் போடு என்று ஒருவரும் போடாதே என்று ஒருவரும் சொல்கிறார்கள்.

அவசரத் தையல் எழுதியது:

இரண்டும் பாதி சரி. துண்டை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவி, ஈரமான சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையைத்தான் ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வைக்க வேண்டும். துண்டு ஐஸில் நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். காயத்தில் காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். கயிறு போட்டு இறுக்காமல் துணி வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். விரலில் தசை இல்லாததால் கொஞ்சம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை உண்டு, குளிரில் வைக்காவிட்டால் ஆறு மணி நேரம்தான். கையை ஒட்டவைப்பதில் கோவையில் கங்கா மருத்துவமனைக்கு உலகப் பெயர், வெளிநாட்டிலிருந்து வந்து கற்றுப்போகிறார்கள். ஆனால் கரும்பாலையில் போன கை வேறு ரகம். வெட்டாமல் நசுக்கி இழுத்துவிடும். ரத்தக்குழாயும் நரம்பும் உள்ளேயே பிய்ந்துவிடும். பல நேரம் ஒட்டவைக்கவே முடியாது, ஆலைக்கொட்டாய், அதில் உங்கள் வீட்டில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆலைக்கொட்டாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. டாக்டர் சொன்னபடி தட்டிப் பார்த்தேன். மேலே, வெளிப்பக்கம் எல்லாம் ஒன்றும் இல்லை. உள்பக்கம், உடம்பை ஒட்டிய ஓரத்தில் ஒரு புள்ளியில் தட்டியதும் துள்ளிவிட்டார். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் கரண்டு அடித்ததாம். தட்டினது இங்கே, அடிச்சது அங்கே என்று அவரே அசந்துபோனார். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையே" என்று தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா? திருப்பூருக்கு முன்பணம் கட்டவில்லை.

அவசரத் தையல் எழுதியது:

அது அல்னார் நரம்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் அதன் எல்லைதான், படம் வரைந்த மாதிரி சொல்லியிருக்கிறார். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடமோ அடுத்துப் பார்ப்பவரிடமோ கேட்டுக் குறையுங்கள். கை அறுவை பார்க்கும் ஒருவரிடம் காட்டி, அல்ட்ராசவுண்டில் முடிச்சைப் பார்த்து, அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் வலி போனால் நுனியைச் சரிசெய்து பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். போகவே இல்லை என்றால் அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்பு வலி மருந்துகள் சிலருக்கு உதவும், அதையும் அவர்களே முடிவு செய்யட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

அண்ணா, ஊசி போட்டபோது முஷ்டி உணர்வும் போகிறதா, ஷாக் மட்டும் போகிறதா என்று முடிந்தால் எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வருகிறதா என்று தெரியும். எனக்கு ஆராய்ச்சி ஆசை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆலைக்கொட்டாய் எழுதியது:

எழுதுகிறேன் தம்பி, தப்பில்லை. அக்கா, அதுவரைக்கும் கண்ணாடி ஆரம்பிக்கலாமா? கண்ணாடி எவ்வளவு பெரிதாக வேண்டும்? அப்புறம் இடது கையில் பண்ணாரியம்மன் கோயில் கயிறு கட்டியிருக்கிறார். கழற்றச் சொன்னால் கேட்கமாட்டார்.

ஈரோட்டு அக்கா எழுதியது:

ஆரம்பியுங்கள். முன்கை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும். ஓரம் தேய்த்த கண்ணாடியாக வாங்குங்கள், இல்லாவிட்டால் இருக்கிற கையையும் கிழித்துக்கொள்வார். வாட்ச், மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். பழைய வலது கையில் இல்லாத எதுவும் பிம்பத்தில் தெரிந்தால் அது தன் கை என்று ஒட்டாது. கயிறு மட்டும் இருக்கட்டும். கை போகும் முன்பு வலது கையில்தானே கட்டியிருப்பார்? கண்ணாடியில் இப்போதும் வலது கையில் கட்டியிருப்பது போலத்தான் தெரியும்.